எமிலியம்மாள் விழுங்கியதைக் குரைத்த நாய்க்குட்டி

சாந்தகுணபுரத்துச் சபையார் ஒரு நாய்க்குட்டியைக் கண்ணை மூடிக்கொண்டு கர்த்தருக்குப் படைத்துவிட்டார்கள் என்பதில் அதிசயப்பட ஒன்றுமில்லை, அந்த ஊரில் எந்தக் காரியமும் கண்ணை மூடிக்கொண்டுதான் நடக்கும், அறுப்பின் பண்டிகை அன்றைக்கு மட்டும் கொஞ்சம் இறுக்கி மூடுவார்கள், அவ்வளவுதான். வாழைத்தாரும் பூசணிக்காயும் கருப்பட்டிச் சிப்பமும் காலைக் கட்டிப்போட்ட சேவலும் பீடத்துக்கு முன்னால் குவிந்து கிடக்க, குருவானவர் கையை உயர்த்தி, இவையெல்லாம் இனி உமக்கே சொந்தம் ஆண்டவரே என்று இருபது நிமிஷம் ஜெபித்து முடித்தார். சனங்கள் ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்தபோது முருங்கைக்காய்க் கூடைக்குள்ளிருந்து ஒரு செவலைக் குட்டி தலையை நீட்டி, யாரோ படைத்திருந்த கேக்கை நக்கிக்கொண்டிருந்தது.

படைத்ததைத் திருப்பி எடுக்கக் கூடாது, தெருவிலும் விடக் கூடாது, ஏலத்தில்தான் விட வேண்டும் என்பது ஊர் வழக்கம். ஏலம் போட்டார்கள். வாழைத்தார் போயிற்று, சேவல் போயிற்று, ஒற்றை முட்டைக்குக்கூட இரண்டு மச்சினன்மார் முறைத்துக்கொண்டு ஏற்றி ஏற்றிக் கேட்டார்கள். குட்டியைத் தூக்கிக் காட்டினதும், தலையைச் சொறிந்தால்கூட ஏலம் கேட்டதாகிவிடுமே என்று ஆம்பளைகள் கையைக் கட்டிக்கொண்டார்கள், பொம்பளைகள் முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டார்கள், ஒருத்தர் மூக்கில் ஈ உட்கார்ந்ததைக்கூட விரட்டவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். கடைசியில் சபைச் செயலாளர் வால்ட்டர் சார் தொண்டையைச் செருமினார். "கர்த்தருடைய நாயை வளக்கணும்னா பொறுமை வேணும். பொறுமைன்னா நம்ம ஊர்ல யாரு?" என்றார். எல்லாத் தலையும் எமிலியம்மாள் பக்கம் திரும்பிற்று.

எமிலியம்மாள், உபதேசியார் இஸ்ரவேலின் மனைவி. உபதேசியார் என்றால், குருவானவர் இல்லாத நாளில் ஆராதனை நடத்துகிறவர், குருவானவர் இருக்கிற நாளில் நாற்காலி தூக்கிப்போடுகிறவர். பொறுமைசாலி என்கிற பெயர் எமிலிக்கு வந்தது இருபத்தாறு வருஷத்துக்கு முன்னால், அப்போதைய பேராயர் வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஆஸ்பத்திரி ஏழு மைல், பேராயரின் கார் வெளியே வேப்பமரத்தடியில் நின்றது, மூன்று வயசு லில்லி மடியில் அனலாய்க் கொதித்தாள். எமிலி கடைசி பெஞ்சிலிருந்து எழுந்து போய்ப் புருஷனின் அங்கியைப் பிடித்துச் சொன்னாள். அவர் கையில் நன்றியுரைக் காகிதம். "ஆராதனை முடியட்டும், ஐயாட்டயே கேட்டு அந்தக் கார்ல போவோம், பொறுமையா இரு" என்றார். அவள் பொறுமையாக இருந்தாள். மாலை போட்டார்கள், பொன்னாடை போட்டார்கள், பேராயர் முக்கால் மணி நேரம் அன்பைப் பற்றிப் பிரசங்கித்தார், உபதேசியார் பதினோரு பேருக்கு நன்றி வாசித்தார், ஆசீர்வாதம் கூறினபோது பிள்ளை குளிர்ந்துபோயிருந்தது. கடைசி ஆமென் வரைக்கும் ஒரு சத்தம் போடலையே, என்ன பொறுமை, என்ன பொறுமை என்று ஊர் கூடி மெச்சியது.

அன்றைக்கு அவள் விழுங்கின ஒரு வாக்கியம் நெஞ்சுக்குழியிலேயே தங்கிவிட்டது. அது வெளியே வந்தால் அந்த மனுஷனோடு ஒரே கூரைக்குள் ஒரு பொழுதும் இருக்க முடியாது, போவதற்கு வேறு வீடும் கிடையாது. அதனால் அதன் மேல் இன்னொரு வார்த்தை, அதன் மேல் இன்னொன்று என்று வருஷக்கணக்காக விழுங்கி விழுங்கி அதை அமுக்கி வைத்திருந்தாள். ஊர் அவளைப் பார்க்கும்போதெல்லாம் அவள் சிரித்த முகமாகவே இருந்தாள்.

குட்டிக்குக் காணிக்கை என்று சபைக் கமிட்டி பெயர் வைத்தது, பரிசுத்தவான்கள் பெயரை வைத்தால் அந்தப் பெயருள்ளவர்கள் சண்டைக்கு வருவார்கள் என்று. காணிக்கை வந்த முதல் நாள் உபதேசியாரின் இடது செருப்பைத் தின்றது. இரண்டாம் நாள் வலதைத் தின்னாமல் கிணற்றில் போட்டது. மூன்றாம் நாள் பெண்கள் ஐக்கிய சங்கத்து மினிட்ஸ் நோட்டில், சங்கத்துச் செயலாளரம்மா கையெழுத்துக்கு மேலேயே, ஒன்றுக்கு இருந்தது. நான்காம் நாள் சனிக்கிழமை, கஞ்சி போட்டுத் தேய்த்துக் கொடியில் தொங்கவிட்டிருந்த உபதேசியாரின் வெள்ளை அங்கியை இழுத்துச் சாம்பலில் புரட்டி, அதன் மேலேயே படுத்துக்கொண்டது. எமிலியம்மாள் அதைப் பார்த்தாள், மூச்சை இழுத்தாள், விழுங்கினாள், சிரித்தாள், "பரவாயில்ல கண்ணு, நீ சின்னப் பிள்ளதானே" என்றாள்.

காணிக்கை வாலை ஆட்டிக்கொண்டு, எமிலியம்மாளின் குரலிலேயே சொன்னது: "நாசமாப் போற மூதி! போடுதவருக்கு என்ன, கையத் தூக்கி மாட்டிக்கிட்டுப் போயிருவாரு. விடியக் கருக்கல்ல எந்திரிச்சுக் கஞ்சி காய்ச்சி, வேர்வையில தேய்க்கிறவ நானில்லா!"

நாய் பேசுகிறதே என்று எமிலியம்மாள் திகைக்கவில்லை. பக்கத்து வீட்டு டெய்சி கேட்டுவிட்டாளா என்றுதான் சுவரை எட்டிப் பார்த்தாள். டெய்சி கேட்டுவிட்டிருந்தாள். டெய்சிக்குத் தெரிந்தால் போஸ்டர் ஒட்டுகிற செலவு மிச்சம் என்பது ஊருக்கே தெரியும்.

பொழுது சாய்வதற்குள் அரை ஊர் முற்றத்தில் வந்து நின்றது. வால்ட்டர் சார் குனிந்து குட்டியைத் தடவி, "எல்லாம் ஆண்டவர் சித்தம்" என்றார். குட்டி வால்ட்டர் சாரின் குரலில், "இந்த உபதேசியார் ஜெபம் பண்ணினா பால் திரிஞ்சு தயிராயிரும்" என்றது. டெய்சி வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பை அடக்கினாள், குட்டி டெய்சியின் குரலில் அந்தச் சிரிப்பைச் சிரித்தது. ஆக, பேசாமல் விழுங்கினதை விழுங்கினவர் குரலிலேயே குரைக்கிற குட்டி என்று ஊருக்கு விளங்கிவிட்டது. அது எப்படி என்று ஒருத்தரும் கேட்கவில்லை, இனி எப்படி நடந்துகொள்வது என்றுதான் கேட்டார்கள்.

கமிட்டி அவசரமாகக் கூடியது. நாயின் கூற்று சாட்சியாக ஏற்கப்படாது என்று ஒரு தீர்மானம், சங்கக் கூட்டம் நடக்கும்போது நாயைக் காது கேட்காத தூரத்தில் கட்ட வேண்டும் என்று இன்னொரு தீர்மானம். இரண்டையும் ஏகமனதாக நிறைவேற்றினார்கள், ஜன்னலுக்கு வெளியே நின்ற குட்டி ஒன்பது குரலில் ஒன்பது விதமாக "எனக்குச் சம்மதமில்ல" என்றது. ஆனால் ரகசியமாகக் குட்டியை இரவல் கேட்டு வராத வீடும் கிடையாது. சம்பந்தம் பேசப் போகிறவர்கள் மடியில் வைத்துக்கொண்டு போனார்கள், மூன்று நிச்சயதார்த்தம் நின்றது, நான்காவது மட்டும் நடந்தது, அந்தப் பெண் எல்லார் முன்னாலும் மாப்பிள்ளையைப் பார்த்து "முதல்ல மூக்கச் சிந்திட்டு வாங்க" என்று சொன்னவள். டெய்சியின் புருஷன் பெண்டாட்டி மனசில் என்ன இருக்கிறது என்று பார்க்க இரவல் வாங்கிப் போனவர், அரை மணியில் குட்டியைப் பைக்குள் போட்டுக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, மூன்று நாள் ஒருத்தரோடும் பேசாமல் பனைமரத்தடியில் உட்கார்ந்திருந்தார்.

நாளாக ஆக ஊர் அதற்கும் பழகிக்கொண்டது. மனசுக்குள்ளேயே நாசூக்காகத் திட்டப் பழகிவிட்டார்கள், ஆமாம். காணிக்கை தெருவில் போனால், "அன்பான சகோதரரே, தாங்கள் சீக்கிரம் மகிமைக்குள் பிரவேசித்தால் எங்களுக்கு ஆறுதலாயிருக்கும்" என்று பிரசங்கத் தமிழில் குரைப்பது கேட்கும், கேட்கிறவர்கள் தலையைக் குனிந்து வணக்கம் சொல்லிவிட்டுப் போவார்கள். பக்கத்து ஊரிலிருந்து விடுதலை ஜெபக் குழு வந்தது. பிசாசே வெளியே வா, பிசாசே வெளியே வா என்று மூன்று மணி நேரம் தொண்டை கிழியக் கத்தியது. அவர்கள் ஒன்றையும் விழுங்கவில்லை, எல்லாவற்றையும் கத்திவிட்டார்கள், குட்டிக்குச் சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை, நன்றாகத் தூங்கியது. பிசாசு ஓடிவிட்டது என்று சாட்சி எழுதி வாங்கிக்கொண்டு போனார்கள்.

குருவானவரும் வந்தார். "கோபம் வரும்போது பத்து வரைக்கும் எண்ணுங்கம்மா, இந்தக் குட்டி உங்களுக்கு நீடிய பொறுமையைக் கத்துக்குடுக்க வந்த வாத்தியார்" என்றார். குட்டி அவர் குரலில், "நான் வீட்டுல நூறு வரைக்கும் எண்ணுதேன், அவ நிறுத்த மாட்டேங்கா" என்றது. குருவானவர் காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார்.

இத்தனை கூத்துக்கும் நடுவில் எமிலியம்மாளுக்கு ஒரே ஒரு பயம். பகலெல்லாம் மற்றவர்கள் சொல்லைக் குரைத்துத் திரிந்த குட்டி, சாயங்காலம் விளக்கேற்றினதும் அவள் எதிரில் வந்து உட்காரும். கண்ணை அவள் முகத்திலேயே வைத்து, வாயைத் திறந்து, லில்லி போன அன்றைக்கு இருந்த இருபத்தெட்டு வயசு எமிலியின் குரலில் "கார் வெளிய..." என்று ஆரம்பிக்கும். உடனே அவள் ஒரு பிஸ்கட்டை அதன் வாயில் திணிப்பாள். தின்று முடித்துவிட்டு மறுபடி "கார் வெளிய..." என்னும், மறுபடி ஒரு பிஸ்கட். உள்ளறையில் ஞாயிற்றுக்கிழமைக்குப் பிரசங்கம் எழுதிக்கொண்டிருக்கிற உபதேசியாரின் பேனா அந்த நேரம் மட்டும் நிற்கும், பிறகு ஓடும். ஊருக்கெல்லாம் இளைத்த நாய்கள் இருக்க, காணிக்கை மட்டும் மூன்று மாசத்தில் தலையணை மாதிரி ஊதிவிட்டது.

எமிலியம்மாளுக்குப் புத்தி வந்தது ஒரு மீன்காரியால். கடற்கரை ஊரிலிருந்து சைக்கிளில் மீன் கொண்டுவருகிற மிக்கேலம்மாள் பெட்டியை இறக்கினதும் காணிக்கை ஒரு சாளையைக் கவ்விக்கொண்டு ஓடியது. "ஏ களவாணிப் பய நாயே! ஒங்கொப்பன் வலை இழுத்த மீனா? பேதியில போவ!" என்று தெரு அதிரக் கத்தினாள் மிக்கேலம்மாள். கத்திவிட்டு, அடுத்த நிமிஷமே, "தின்னு சவமே, முள்ளு தொண்டையில குத்திராம" என்று இன்னொரு சாளையையும் எடுத்துப் போட்டாள். காணிக்கை அவளைப் பார்த்து வாயைத் திறந்து, மற்ற நாய்கள் எல்லாம் குரைக்கிற மாதிரி, "லொள்" என்றது. அவ்வளவுதான். எமிலியம்மாள் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாள் குட்டி பாயைக் கிழித்தபோது அவள் பத்து வரைக்கும் எண்ணவில்லை. "ஏ மூதி! கிழிக்கதுக்கு ஒனக்கு வேற எளவு கெடைக்கலையா?" என்று வாய்விட்டுக் கத்தினாள். கத்தினபிறகு அவளுக்கே வெட்கமாக இருந்தது, அப்புறம் சிரிப்பு வந்தது, குட்டி "லொள்" என்றுவிட்டு அவள் மடியில் ஏறிப் படுத்தது. அன்றிலிருந்து வாரியலும் கையுமாக அவள் திட்டிக்கொண்டே கூட்டினாள், திட்டிக்கொண்டே துடைத்தாள், திட்டிக்கொண்டே சோறு வைத்தாள். ஒரு மாசம் போயிற்று. ஒருநாள் காலையில் குட்டி ஐந்தாம் தடவையாக ஒரே இடத்தில் ஈரம் பண்ணியிருப்பதைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது, தன் வாயில் ஒன்றும் வரவில்லை, உள்ளேயும் ஒன்றும் இல்லை, சும்மா துடைத்துக்கொண்டிருக்கிறோம் என்பதை அவள் கவனித்தாள். ஓ, பொறுமை என்கிறது இதுதானா என்று நினைத்துக்கொண்டாள். இது இல்லாமலேதானே இத்தனை வருஷம் ஊர் தன்னை மெச்சிற்று என்று அவளுக்குக் கோபம் வந்தது, அந்தக் கோபத்தையும் அங்கேயே வாளியிடம் சொல்லித் தீர்த்துவிட்டாள்.

ஆனால் சாயங்காலப் பிஸ்கட் மட்டும் நிற்கவில்லை. மேலே அடுக்கியிருந்தவை எல்லாம் கரைந்துபோக, அடியில் கிடந்த அந்த ஒரு வாக்கியம் முன்னைவிட வெளிச்சமாய்த் தெரிந்தது. "கார் வெளிய..." என்று குட்டி ஆரம்பிக்கிறபோதெல்லாம் அவள் இரண்டு பிஸ்கட்டாய்த் திணித்தாள்.

அந்த நேரம் பார்த்துத்தான் கோயிலுக்கு நூற்றைம்பதாவது வருஷம் வந்தது, புதுப் பேராயர் வருவதாக ஏற்பாடு. இப்படிப்பட்ட நாயையே முகம் சுளிக்காமல் வளர்க்கிற எமிலியம்மாளுக்குப் 'பொறுமையின் சிகரம்' என்று பட்டம் கொடுத்துப் பொன்னாடை போர்த்துவது என்று கமிட்டி முடிவு செய்தது. வாழ்த்துமடலை உபதேசியாரே எழுதி உபதேசியாரே வாசிப்பார். குட்டி ஏதாவது உளறிவைத்தால் பேராயர் முன்னால் மானம் போகுமே என்று, வால்ட்டர் சார் அதன் வாயைப் பனைநாரால் கட்டி, மணிக்கூண்டு அறைக்குள் போட்டுப் பூட்டிச் சாவியைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

பண்டிகைக்கு ஊர் முழுக்கக் கோயிலுக்குள் அடைந்துகொண்டு உட்கார்ந்திருந்தது. வெளியே அசன விருந்துக்கு அண்டா அண்டாவாய்ச் சோறு வடித்து, ஆட்டுக்கறிக் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது, அந்த வாசனையில் பாதிப் பேருக்குப் பக்தி கலைந்தது. எமிலியம்மாளை முன்வரிசையில் நாற்காலி போட்டு உட்காரவைத்திருந்தார்கள். உபதேசியார் பீடத்தண்டை நின்று, கண்ணாடியைச் சரிசெய்து வாசித்தார்: "அருமை மகள் லில்லியைக் கர்த்தர் தம்மண்டை அழைத்துக்கொண்ட வேளையிலும், ஆராதனைக்கு யாதொரு இடையூறும் செய்யாமல், இறுதி ஆமென் வரை அமர்ந்திருந்த உத்தமப் பொறுமையை..."

காணிக்கை நடுப்பாதையில் வந்துகொண்டிருந்தது. பூட்டு பூட்டினபடிதான் இருந்தது, நார் முடிச்சுப் போட்டபடி தரையில் கிடந்தது, சாவி வால்ட்டர் சார் பைக்குள் இருந்தது, குட்டி மட்டும் வந்துவிட்டது. நேரே எமிலியம்மாள் எதிரில் வந்து உட்கார்ந்து, அவள் முகத்தைப் பார்த்து, வாயைத் திறந்தது.

"கார் வெளிய..."

எமிலியம்மாளின் கை தன்னால் பைக்குள் போய்ப் பிஸ்கட்டை எடுத்தது. வாழ்த்துமடல் நின்றது. தலையை நிமிர்த்தினவள், புருஷன் தன் முகத்தைப் பார்க்கவில்லை, பிஸ்கட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று கண்டாள். "குடுத்திரு" என்றார் உபதேசியார், வேறு யாருக்கும் கேட்காத குரலில். "குடுத்திரு, எமிலி."

அவருக்குத் தெரிந்திருக்கிறது. இத்தனை சாயங்காலமும் பேனாவை நிறுத்திவைத்துக் கேட்டிருக்கிறார். அவளுக்கு உச்சந்தலை வரைக்கும் எரிந்தது. எழுந்து, பிஸ்கட்டை நாற்காலியில் வைத்தாள்.

"நீ சும்மா இரு குட்டி, நானே சொல்லுதேன்" என்றாள். பிறகு புருஷனைப் பார்த்துச் சொன்னாள்: "கார் வெளிய சும்மா நின்னுச்சு. டிரைவர் உள்ள தூங்கிக்கிட்டு இருந்தான். நீங்க ஒரு வார்த்த சொல்லியிருந்தா எம்பிள்ள பொழச்சிருக்கும். நீங்க சொல்லல. நீங்கதான் எம்பிள்ளயக் கொன்னீங்க. எந்திரிச்சு ஓடாம இங்கனயே உக்காந்திருந்தேனே, நானுந்தான் கொன்னேன். இது பொறுமையில்ல. இதுக்கு வேற பேரு."

ஆர்மோனியக்காரர் பழக்கதோஷத்தில் ஒரு கீர்த்தனையை ஆரம்பித்து இரண்டு கட்டையோடு நிறுத்திக்கொண்டார். பேராயர் தம் மோதிரத்தைத் திருகினார். வால்ட்டர் சார் பொன்னாடையைப் பிரிப்பதா மடிப்பதா என்று தெரியாமல் பாதி பிரித்து வைத்துக்கொண்டு நின்றார். சொல்ல வந்ததை அவளே சொல்லிவிட்டதால் குட்டி "லொள்" என்றது.

அப்புறம் அது உபதேசியார் பக்கம் திரும்பியது.

உபதேசியார் வாயைத் திறந்தார், மூடினார். தொண்டைமணி ஏறி இறங்கினதைக் கடைசி பெஞ்சு வரைக்கும் பார்த்தார்கள். காணிக்கை பீடத்துப் படியில் ஏறி, அவருடைய குரலில், வாசிக்கிற கணீர்க் குரலில் இல்லை, வேறு ஒரு நடுங்குகிற குரலில் பேசியது.

"கை தொங்குனத நான் இங்க நின்னு பாத்தேன். லில்லி கை. உன் மடியிலேர்ந்து தொங்குச்சு. பாத்துக்கிட்டேதான் நன்றியுரை வாசிச்சேன். பதினோரு பேரு. ஒரு பேரும் விட்டுப்போகல."

யாரோ ஒரு பெண் ஐயோ என்றாள். உபதேசியார் அங்கியோடு அப்படியே படியில் சரிந்து உட்கார்ந்து, முகத்தைக் கைக்குள் புதைத்துக்கொண்டு, கொல்லையில் அழுகிற பிள்ளை மாதிரி அழுதார். பேராயரின் ஆள் ஒருவர் குனிந்து வந்து, நிகழ்ச்சிக்கு நேரமாகிறது, அசனத்தையாவது ஜெபித்துத் தொடங்கிவிடலாமா என்று கேட்டார்.

எமிலியம்மாள் தனக்குள் பார்த்தாள். விழுங்குவதற்கு ஒன்றும் இல்லை. ஓடிவிட வேண்டும் என்றுகூட இல்லை. இந்த மனுஷனை அடிக்கலாம்போல இருந்தது, அது இருந்துவிட்டுப் போயிற்று. அவள் பீடத்துப் படியில் போய், அவருக்கு ஒரு முழம் தள்ளி உட்கார்ந்தாள். குட்டி நடுவில் வந்து வாயைத் திறந்தது. அவள் அதன் மூக்கில் லேசாய் ஒரு தட்டுத் தட்டி, தூர விலக்கினாள்.

"நாய் சொல்ல வேண்டாம்" என்றாள். "மிச்சத்த நீங்களே சொல்லுங்க. மன்னிக்கணுமா வேண்டாமான்னு அப்புறமா பாப்போம். எவ்வளவு நேரம் ஆனாலும் சரி, நான் இங்கனதான் இருக்கேன். சொல்லுங்க."

வெளியே குழம்பை இறக்கிவிட்டார்கள், சோறு ஆறத் தொடங்கிற்று. உள்ளே ஒருத்தரும் எழுந்திருக்கவில்லை. வெகுநேரம் கழித்து, முகத்திலிருந்து கையை எடுக்காமலே, உபதேசியார் தன் சொந்த வாயால் பேச ஆரம்பித்தார்.